ஓட்டலில் பயிற்சிக்கு வரும் பள்ளி மாணவன்: அடிபட்டால் யார் பொறுப்பு?

கேள்வி: கலிபோர்னியாவில், ஃப்ரீமான்ட் பக்கம் சின்ன ஓட்டல் நடத்துகிறோம். இங்குள்ள அரசு உயர்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் 16 வயதுப் பையனை வாரம் இரண்டு மதியம் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். சம்பளம் கிடையாது, அவனுக்குப் பள்ளியில் கிரெடிட் உண்டு. ஒப்பந்தத்தில் இன்சூரன்ஸுக்கே ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். கையை வெட்டிக்கொண்டால் எங்கள் தலையில் விடியுமா? சும்மா வேலை வாங்கவும் மனசு வரவில்லை. வாரம் 50 டாலர் கையில் கொடுத்துவிடலாம் என்கிறார் மனைவி.

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். அந்த 50 டாலரைக் கொடுக்காதீர்கள்.

கலிபோர்னியா தொழிலாளர் சட்டத்தின் 3368-ஆம் பிரிவின்படி, பள்ளி மாவட்டத்தின் (வட்டாரத்து அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) மேற்பார்வையில் இப்படிப் பயிற்சிக்கு வரும் மாணவனுக்கு, வொர்க்கர்ஸ் காம்ப், அதாவது வேலையில் அடிபட்டால் ஈடு தரும் இன்சூரன்ஸ் விஷயத்தில் அந்த மாவட்டமே முதலாளி. வெங்காயம் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டால் வைத்தியச் செலவு அவர்கள் பாலிசியில் போகும். ஆனால் தனியார் முதலாளி ரொக்கமாகக் கூலி கொடுத்தால் இந்த விதி அப்படியே பொருந்தாது. மாவட்டம் விரும்பினால் கவரேஜ் தரலாம், அவ்வளவுதான். தராவிட்டால் பொறுப்பு உங்களிடம் வந்து நிற்கும். கணக்கில் வராத பணம், பேரோலில் இல்லாத பையன், அப்புறம் ஒரு விபத்து. வொர்க்கர்ஸ் காம்ப் இல்லாமல் ஆள் வைத்திருந்தால் அபராதமே குறைந்தது 10,000 டாலர், சிறைக்கும் வழி உண்டு. நல்ல மனசோடு கொடுத்தேன் என்பது அங்கே எடுபடாது.

கொடுத்தே தீர வேண்டும் என்றால் முறையாக வேலைக்கு எடுங்கள்: பள்ளி வழியாக வாங்கும் சிறார் வொர்க் பெர்மிட், மணிக்குக் குறைந்தபட்சக் கூலி (2025-ல் மாநில அளவில் 16.50 டாலராக இருந்தது, உங்கள் நகரத்தில் அதற்கும் மேலே இருக்கும்), உங்கள் வொர்க்கர்ஸ் காம்ப் பாலிசி. அரைகுறையாக எதுவும் வேண்டாம். இன்னொன்று, சம்பளமில்லாப் பயிற்சி என்று சொல்லிவிட்டு, விடுப்பில் போன சர்வருக்குப் பதிலாக அவனை நிறுத்தினால் அது பயிற்சி ஆகாது. கூலி பாக்கி என்று கேஸ் வரும்.

சரி, பள்ளி மாவட்டம்தான் முதலாளி என்றால் உங்களுக்குத் தொல்லையே இல்லையா? இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். வொர்க்கர்ஸ் காம்ப் கொடுக்கும் முதலாளி மேல் பொதுவாக வழக்குப் போட முடியாது. அந்தப் பாதுகாப்பு பள்ளி மாவட்டத்துக்கு. நீங்கள் மூன்றாம் நபர். சமையல்கட்டில் எண்ணெய் கொட்டிய தரையில் பையன் வழுக்கி விழுந்தால், கடைக்காரரின் அலட்சியம் என்று உங்கள் மேல் தனியாக வழக்கு வரலாம். அதைத் தாங்க வேண்டியது உங்கள் ஜெனரல் லயபிலிட்டி பாலிசி, அதாவது கடையில் வெளியாட்களுக்கு அடிபட்டால் ஈடு தரும் பாலிசி. அதில் ஊழியர் காயங்களுக்குப் பணம் கிடையாது என்று விலக்கு இருக்கும், இன்டர்ன், வாலன்டியர் பற்றிச் சில பாலிசிகளில் தனி வரிகளும் இருக்கும். அந்த வரிகளை நீங்களே படித்துப் பாருங்கள். பள்ளி உங்களிடம் இன்சூரன்ஸ் சர்டிஃபிகேட் கேட்பதுபோல, நீங்களும் மாவட்டத்தின் வொர்க்கர்ஸ் காம்ப் சர்டிஃபிகேட்டைக் கேட்கலாம். 3368-ஆம் பிரிவின்படி முதலாளி நாங்கள்தான் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தரவும் கேளுங்கள்.

மெஷின் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். 18 வயது ஆகாதவர்கள் மின்சார மீட் ஸ்லைசரைத் தொடக் கூடாது என்பது மத்திய அரசு விதி. அதில் காய்கறி நறுக்கினாலும் சரி, கழுவ மட்டும் கொடுத்தாலும் சரி, அதே தடைதான். சப்பாத்தி மாவு பிசையும் பெரிய மிக்ஸருக்கும் தடை உண்டு. மாணவப் பயிற்சியாளருக்கு ஸ்லைசரில் நிபந்தனைகளோடு ஒரு விலக்கு இருக்கிறது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்தப் பக்கமே போக மாட்டேன். சம்பளம் இல்லாத பையன்தானே என்றும் தளர்த்தாதீர்கள். லைசென்ஸ் வைத்திருந்தாலும் கேட்டரிங் டெலிவரிக்குக் காரில் அனுப்பாதீர்கள். 16 வயதில் வேலைக்காக வண்டி ஓட்டவே கூடாது.

கையெழுத்துப் போடும் முன் அந்த இன்சூரன்ஸ் பக்கத்தை ஸ்கேன் செய்து உங்கள் ப்ரோக்கருக்கு ஈமெயில் அனுப்புங்கள். “பள்ளி மாணவன், சம்பளம் இல்லை, சமையல்கட்டில் பயிற்சி. இதற்கு என் பாலிசி செல்லுமா? பள்ளி மாவட்டத்தையும் என் பாலிசியில் அடிஷனல் இன்ஷூர்டாக (கூடுதல் காப்பீடு பெறுபவராக) சேர்க்க எவ்வளவு?” என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். “அதெல்லாம் கவர் ஆகும் சார்” என்று போனில் சொன்னால் ஏற்காதீர்கள்.