ஆன்லைனில் சங்கப் பாட்டு நடத்தலாமா? ஒரு தமிழ்ப் பேராசிரியையின் பதில்கள்

2020 மார்ச் ஊரடங்கில் வேறு வழியில்லாமல் இணைய வகுப்புக்கு வந்தவர் இவர். இப்போது தொலைநிலை முதுகலை மாணவர்களுக்கு விரும்பியே நடத்துகிறார். நம் உறுப்பினர்கள் கேட்டதும் அவர் சொன்னதும் இங்கே.

கௌரவ விரிவுரையாளர், திருவாரூர்: மேடம், அறுபது பேர் கூகுள் மீட்டில் இருக்காங்க. எல்லாரும் கேமராவை அணைச்சுடறாங்க. சுவரோட பேசற மாதிரி இருக்கு. என்ன செய்யலாம்?

கேமராவைப் போடச் சொல்லி வற்புறுத்தாதீங்க தம்பி. ஒரே அறையில் குடும்பமே இருக்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைகள் பலர். உங்கள் பேச்சைக் குறையுங்கள். நான் இருபது நிமிடத்துக்கு மேல் பேசுவதில்லை. மீதி நேரம் அவர்கள் எழுத வேண்டும்.

ஒரு பாட்டை கூகுள் டாக்கில் போடுவேன், யார் யாரிடம் எந்தச் சூழலில் பேசுகிறார் என்று பாட்டோடு வரும் கூற்றுக் குறிப்பை மட்டும் எடுத்துவிட்டு. உதாரணத்துக்கு குறுந்தொகையில் மூன்றாவது பாட்டு, 'நிலத்தினும் பெரிதே'. யார் பேசுவது, யாரிடம், இப்போது ஏன் பேச வேண்டும் என்று ஒவ்வொருவரும் ஓரத்தில் எழுத வேண்டும். தலைவன் பேசுகிறான் என்பார் ஒருவர். தலைவி தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள் என்பார் இன்னொருவர். இல்லை, அம்மாவிடம் சொல்கிறாள் என்று கீழே ஒரு சண்டை ஓடும். கடைசியில் குறிப்பை ஒட்டுவேன்: தலைவன் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறான், அவன் காதில் விழட்டும் என்று தோழி அவனைப் பழிக்கிறாள், தலைவி அவனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள். அதுவரை வெறும் காதல் பெருமையாக இருந்த பாட்டு, கல்யாணத்துக்கு நாள் குறிக்கச் சொல்லும் பாட்டாகிவிடும். நேர் வகுப்பில் இதே கேள்விக்கு முன் பெஞ்சிலிருந்து மூன்று பேர்தான் பதில் சொல்வார்கள். ஆன்லைனில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம், அந்தக் கடைசி பெஞ்சு எழுதத் தொடங்கியதுதான்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர், மதுரை: வாய்விட்டுப் படிக்காமல் செய்யுள் வகுப்பு ஏதம்மா?

உண்மைதான் ஐயா. பெரிய நஷ்டம் அங்கேதான். எல்லோரும் மைக்கைத் திறந்து சேர்ந்து படித்தால், ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு நேரத்தில் வந்து விழும். மென்பொருள் வேறு ஒருவர் குரலைத் தூக்கி மற்றவர்களை அமுக்கிவிடும். அகவலோசை, அதாவது ஆசிரியப்பாவுக்கு உரிய ஓசை, என்று சொல்லிக்கொடுக்கிறோம், காதில் விழுவதோ இரைச்சல். அதனால் வாரம் ஒரு பாட்டை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பச் சொல்கிறேன். தப்பாக வந்தால் அழித்துவிட்டுத் திரும்பப் படிக்கிறார்கள், அதில் உச்சரிப்பு நன்றாகவே தேறுகிறது. ஆனால் அறை முழுக்க ஒரே குரலாக எழும் வாசிப்புக்கு அது ஈடில்லை.

பகுதிநேர ஆய்வு மாணவி, ஈரோடு: போனிலேயே படிக்கிறவங்களுக்கு எந்த நூல் சரிவரும் மேடம்?

குறுந்தொகைப் பாட்டு 4 முதல் 8 அடி, திரையில் முழுதாக அடங்கும். பட்டினப்பாலை 301 அடி. மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் படித்தால் எந்த அடி எதோடு முடிகிறது என்பதே பிடிபடாது. நெடும்பாட்டு என்றால் அச்செடுத்துத் தபாலில் அனுப்பிவிடுகிறேன். சிரிக்காதீங்க, அதுதான் வேலை செய்கிறது. மூலத்துக்கு, தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றித் தரும், 1998 முதல் நடந்துவரும் மதுரைத் திட்டம், உரைக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகம், சொற்பொருளுக்கு சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி. மூன்றும் இலவசம்.

மாணவர், நீலகிரி: சிக்னலே இல்லாத ஊர் எங்களது. எங்களை மாதிரி ஆட்கள்?

2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா இலவசமாகக் கொடுத்தது. டவரே இல்லாத இடத்தில் அந்த டேட்டா கார்டை வைத்து என்ன செய்வது? வீடியோ வேண்டாம், வகுப்பின் ஆடியோவை மட்டும் கேளுங்கள். டவுனுக்கு வரும்போது இறக்கிக்கொள்ளலாம். நேரலை வருகைக்கு மதிப்பெண் போடும் ஆசிரியர்களிடம் எனக்குச் சண்டையே உண்டு.

விரிவுரையாளர், யாழ்ப்பாணம்: மிஸ், இரண்டு நாட்டு மாணவர்களையும் சேர்த்து ஒரு வகுப்பு நடத்தேலுமோ?

தாராளமாக. நேர வித்தியாசம்கூட இல்லை. ஈழத்துப் பழைய இதழ்கள் 'நூலகம்' என்ற இணையத் தளத்தில் இருக்கின்றன, பாடத்தை அதிலிருந்து எடுங்கள். உங்கள் மாணவர்கள் பேசுவது எங்கள் பிள்ளைகளுக்கு முதல் பத்து நிமிடம் புரியாது, பிறகு பழகிவிடும்.

இல்லத்தரசி, கோவை: ஆன்லைன் எம்.ஏ. தமிழ் வேலைக்குச் செல்லுமா?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020 விதிமுறைப்படி, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் ஆன்லைன் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம். நீங்கள் சேரும் ஆண்டுக்கு, அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று மானியக் குழுவின் தளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்மா.

உதவிப் பேராசிரியர், சேலம்: கட்டுரை கேட்டா எல்லாரும் ஏஐ-ல எழுதித் தர்றாங்க. எப்படிக் கண்டுபிடிக்கறது?

சங்கப் பாட்டில் அது தானே மாட்டிக்கொள்கிறது. இல்லாத அடியை எழுதும், பாட்டு எண்ணை மாற்றும், நற்றிணையைத் தூக்கிக் குறுந்தொகையில் வைக்கும். ஆனால் போலீஸ் வேலை பார்க்க எனக்கு விருப்பமில்லை. கட்டுரைக்குப் பாதி மதிப்பெண்தான், மீதிப் பாதி மூன்று நிமிட வாய்மொழிக்கு: "உள்ளுறையை, அதான் இயற்கை வருணனைக்குள்ள மறைஞ்சிருக்கும் பொருளை, பற்றி எழுதியிருக்கீங்களே, எந்த அடியில் இருக்கு, படிங்க" என்பேன். எழுதியவர் உடனே படித்துவிடுவார். ஒன்று மட்டும், இதற்கு நேரம் நிறையப் பிடிக்கும். முப்பது பேர் வரை சமாளிக்கலாம். நூறு பேர் இருக்கும் வகுப்பென்றால் நேரில் வரவழைத்துப் பேனாவால் எழுத வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.