கேளுங்க சிஸ்டர்: ரிப்போர்ட்டில் சிக்காத சரவாங்கி

போன இதழில் பேச்சுவாக்கில் எனக்கும் சரவாங்கி, அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்கிற மூட்டு வாதம், இருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான், இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி மூட்டைப் பற்றித்தான். சர்க்கரையும் பிரஷரும் அடுத்த இதழுக்கு.

கேள்வி: எனக்கு 38 வயது, காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிற வேலை. ஏழு மாதமாகக் காலையில் இரண்டு கையும் மடங்கவில்லை, விரல் கணுவெல்லாம் வீக்கம். பத்து மணிக்கு மேல்தான் கத்தி பிடிக்க முடிகிறது, விடிகாலை வியாபாரம் போய்விட்டது. ஆர்.ஏ. ஃபேக்டர் டெஸ்ட் எடுத்தேன், நெகட்டிவ். "வாதம் இல்லை, ஐஸ் தண்ணியில கை வைக்காதே" என்று சொல்லி வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்ததிலிருந்து மாமியார் சோம்பேறி என்கிறார். எனக்கு என்னதான் சிஸ்டர்?

பதில்: அந்த ரிப்போர்ட்டை இன்னொரு தடவை எடுத்துப் பாரும்மா. "வாதம் இல்லை" என்று அதில் எங்கேயும் எழுதியிருக்காது. ருமட்டாய்டு ஃபேக்டர் என்கிற ஒரு பொருள் உங்கள் ரத்தத்தில் அதிகமாக இல்லை, அந்தக் காகிதம் சொல்வது அவ்வளவுதான். சரவாங்கி உள்ள நூறு பேரில் ஏறக்குறைய 20 முதல் 30 பேருக்கு இந்த ஃபேக்டர் காட்டாது. மூட்டில் ஒரு வலியும் இல்லாத சில வயதானவர்களுக்கோ இதே டெஸ்ட் பாசிட்டிவ் என்று வரும், ஹெபடைடிஸ் சி கிருமி இருந்தாலும் வரும். ஆன்டி சி.சி.பி. என்று இன்னொரு டெஸ்ட் உண்டு, பாசிட்டிவ் என்று வந்தால் இதைவிட நம்பலாம். இரண்டும் நெகட்டிவாக இருந்து, மூட்டு மட்டும் அச்சு அசலாக சரவாங்கி மாதிரியே நடந்துகொண்டால் அதற்குத்தான் சீரோநெகட்டிவ் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று பெயர்.

நேரில் பார்க்காமல் உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியதில் டெஸ்ட் முடிவை விட என் கண்ணில் பட்டது "பத்து மணிக்கு மேல்தான் கத்தி பிடிக்க முடிகிறது" என்ற வரி. தேய்மான வலி காலையில் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு விட்டுவிடும், அப்புறம் வேலை செய்யச் செய்ய ஏறி சாயந்திரம் ஆளை உட்கார வைத்துவிடும், விரலில் வந்தால் பெரும்பாலும் நகத்தை ஒட்டின கணுவில்தான் வரும். சரவாங்கி அப்படி இல்லை. காலையில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் கையைக் கட்டிப் போட்டுவிட்டுப் பிறகுதான் இளகும். மணிக்கட்டு, விரல் தொடங்குகிற முட்டி, நடுக்கணு, அதுவும் இரண்டு கையிலும். காலையில் தரையில் கால் வைத்ததும் ஜல்லி மேல் நிற்கிற மாதிரி பாதத்தின் முன்பக்கம் வலிக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எனக்கு இது 46 வயதில் வந்தது. நைட் டியூட்டி முடிகிற நேரம், ஆறு மணி ஊசிக்கு ஆம்ப்யூல் கழுத்தை உடைக்க முடியவில்லை, பக்கத்தில் நின்ற ட்ரெய்னிங் பெண்ணிடம் நீட்டினேன், அவள் சிரித்தாள். வீட்டில் பால் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தேன், அடிபம்பை முழங்கையால் அழுத்தினேன், ஜாக்கெட் ஊக்கு மாட்ட மகளைக் கூப்பிட்டேன். ஆர்.ஏ. ஃபேக்டர் இரண்டு தடவை நெகட்டிவ். மாதவிடாய் நிற்கிற வயசு என்றார் ஒருத்தர், டென்ஷன் என்றார் இன்னொருத்தர். இருபத்தைந்து வருஷம் ஆஸ்பத்திரியில் குப்பை கொட்டினவள், நானே ரிப்போர்ட்டை நம்பி 14 மாதம் சும்மா இருந்தேன் என்றால் உங்களைச் சொல்லி என்ன? கடைசியில் ஒரு டாக்டர் ஃபைலைத் திறக்காமலே என் கையைக் குலுக்குகிற மாதிரி பிடித்து முட்டிகளைச் சேர்த்து அமுக்கினார். நான் கத்தினேன், அவர் எழுத ஆரம்பித்தார்.

நம் மாதிரி ஆட்களுக்கு ஏன் இப்படி இழுக்கிறது என்பதில் ஒரு மார்க் கணக்கும் இருக்கிறது. 2010இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டு மருத்துவ அமைப்புகள் சேர்ந்து ஒரு பட்டியல் போட்டன. மொத்தம் 10, பாஸ் மார்க் 6. ஃபேக்டரோ சி.சி.பி.யோ நிறைய இருந்தால் அதற்கே 3. நெகட்டிவ் என்றால் சைபர். 4 முதல் 10 சின்ன மூட்டு பிடித்திருந்தால் 3, உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டுகிற ரத்த டெஸ்ட்டான ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. கூடியிருந்தால் 1, ஆறு வாரம் ஆகியிருந்தால் 1. கூட்டிப் பாருங்கள், 5. ஒரு மார்க்கில் ஃபெயில்! சின்ன மூட்டும் சேர்த்துப் பத்துக்கு மேல் பிடித்தால்தான் மூட்டுக்கு 5 மார்க் கிடைத்துத் தேறுவோம். இது ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கப் போட்ட பட்டியல்தான், கையால் தொட்டுப் பார்த்து முடிவெடுக்க டாக்டருக்கு ஒரு தடையும் இல்லை. ஆனால் அப்படித் தொட்டுப் பார்க்கிறவரிடம் போய்ச் சேர வேண்டுமே.

அதனால் ருமட்டாலஜி டாக்டரை, அதாவது மூட்டு வாத டாக்டரைப் பாருங்கள். எலும்பு டாக்டர் வேறு, இவர் வேறு. சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது, தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரலில் இறங்கலாம். உங்கள் முறை வருவதற்குள் வீக்கம் வடிந்து கை சமர்த்தாகிவிடும், அதுதான் இந்த நோயின் குசும்பு, அதனால் ஒரு வாரம் விடிகாலையில் கையைப் போனில் படம் எடுத்து, எத்தனை மணிக்கு விரல் மடங்கியது என்று காலண்டரில் குறித்துக்கொண்டு போங்கள். கை, பாதம் எக்ஸ்ரே எடுப்பார்கள். ஆரம்பத்தில் அதிலும் ஒன்றும் தெரியாமல் போகலாம், ஆனால் மூட்டுச் சவ்வு வீங்கியிருப்பது அல்ட்ராசவுண்டில் முன்னாலேயே தெரியும். தலையில் செதில் உதிர்கிறதா, நகத்தில் குண்டூசி குத்தின மாதிரி குழி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள், சொரியாசிஸ் என்கிற தோல் நோயோடு வருகிற வாதமும் இதே வேஷம் போடும் என்பதால். சிலருக்கு ரெண்டு மூணு வருஷம் கழித்து நோயின் பெயரே மாறுவதும் உண்டு.

வலி மாத்திரையைத் தினமும் நீங்களாகப் போடாதீர்கள். வயிறும் கிட்னியும் கெடும், எலும்பு அரிப்பதை அது நிறுத்தவும் நிறுத்தாது. ஐஸால் இந்த நோய் வராது, ஆனால் குளிரில் விரல் இன்னும் விறைப்பாகத் தோன்றும். உள்ளே துணி கிளவுஸ், மேலே ரப்பர் கிளவுஸ் போட்டு, கத்திப் பிடியில் பழைய சைக்கிள் ட்யூபைத் தடிமனாகச் சுற்றிக்கொண்டால் இறுக்கிப் பிடிக்க வேண்டியிராது. மாமியாரை ஒரு நாள் விடிகாலையில் எழுப்பி, வீங்கின முட்டி மேல் அவர் கையை வைக்கச் சொல்லுங்கள். சூடு தெரியும். சோம்பேறித்தனம் சுடாது.

கேள்வி: மனைவிக்கு சீரோநெகட்டிவ் சரவாங்கி என்று மெத்தோட்ரெக்சேட் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மருந்துக் கடைப் பையன் "அண்ணா, இது கேன்சர் மாத்திரை" என்கிறான். நிறுத்திவிடலாமா? (வியாசர்பாடி, ஆட்டோ ஓட்டுநர்)

பதில்: நிறுத்த வேண்டாம் தம்பி. பையன் சொன்னது பாதி உண்மை. கேன்சருக்கு வந்த மருந்துதான், ஆனால் அங்கே கொடுக்கிற அளவு வேறு, இங்கே வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம்தான். மூட்டு வாதத்துக்கு அமெரிக்காவில் 1988இலேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். இந்த மருந்து பிறந்த ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய எல்லாப்ரகடா சுப்பாராவ் படித்தது நம்ம மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில், அதாவது நீங்கள் சவாரிக்கு நிற்கிற சென்ட்ரலுக்கு எதிரே.

பயப்பட வேண்டியது வேறு ஒரு விஷயத்துக்கு. இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடுகிற மருந்து. தினமும் போட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் இறங்கி வந்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன், எல்லோரும் பிழைக்கவில்லை. சீட்டில் கிழமையைத் தமிழில் எழுதி வாங்குங்கள். எனக்கு ஞாயிறு ராத்திரி, கறிக்குழம்பு சாப்பிட்ட கையோடு. கூடவே ஃபோலிக் ஆசிட் கொடுத்திருப்பார்கள், அதை டாக்டர் சொன்ன நாளில் போட வேண்டும், விடக் கூடாது. ரத்த அணு, கல்லீரல் டெஸ்ட்டுக்குச் சொன்ன தேதியில் போய்விட வேண்டும். காய்ச்சல் அடித்தால் அடுத்த டோஸுக்கு முன்னால் டாக்டரைக் கேளுங்கள். வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், மூன்றாம் வாரமே "ஒண்ணும் கேக்கல" என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 24 வயது, இதே மாத்திரைதான் போடுகிறேன். தையில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் சொல்லலாமா? குழந்தை பிறக்குமா? (கொருக்குப்பேட்டை)

பதில்: பிறக்கும். ஆனால் மெத்தோட்ரெக்சேட் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகவே ஆகாது. குழந்தைக்கு முயற்சி செய்வதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், அதுவரை கருத்தடை கட்டாயம். ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் போன்ற வேறு சரவாங்கி மாத்திரைகளைக் கர்ப்பத்திலும் தொடரலாம், எதற்கு மாற்றுவது என்று கல்யாணத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள். மாப்பிள்ளையிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். ஒளித்து வைத்து மாத்திரை போடுகிறவர்கள் கொஞ்ச நாளில் மாத்திரையைத்தான் விடுகிறார்கள்.

கேள்வி: காய்ச்சல் வந்து போய் மூன்று மாதம் ஆகிறது, கை கால் மூட்டு விடவே இல்லை. சிக்குன்குனியாவா, சரவாங்கியா? (திருவொற்றியூர், 52 வயது)

பதில்: 2006 சிக்குன்குனியாவில் வடசென்னையில் கூனிக் கூனி நடந்தவர்களை மறக்க முடியுமா? சிலருக்கு மாதக்கணக்கில், வருஷக்கணக்கில்கூட மூட்டு வலி நிற்கும். பெரும்பாலும் ஃபேக்டரும் நெகட்டிவாகவே இருக்கும் என்பதால் சீரோநெகட்டிவ் சரவாங்கியோடு குழம்பும். காய்ச்சல் வந்த தேதி, உடம்பில் தடிப்பு வந்ததா, வீட்டில் வேறு யாருக்கு வந்தது, இதையெல்லாம் எழுதிக்கொண்டு போங்கள். மூன்று மாதம் ஆகியும் வீக்கம் இருந்தால் தானாகப் போகும் என்று காத்திருக்க வேண்டாம். கடையில் ஸ்டீராய்டு மாத்திரை கேட்டு வாங்காதீர்கள், பெயர் இல்லாத பொட்டலச் சூரணமும் வேண்டாம், அதில் சிலவற்றில் கலந்திருப்பதும் அதே ஸ்டீராய்டுதான்.

கேள்வி: சரவாங்கிக்குத் தக்காளி, புளி, கத்திரிக்காய், மீன் எல்லாம் தள்ள வேண்டுமாமே? (ராயபுரம்)

பதில்: சாப்பிடுங்கள். யூரிக் ஆசிட் வாதத்துக்குச் சொல்கிற பத்தியத்தை இதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். ஏதாவது ஒன்றைச் சாப்பிட்டால் உங்களுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதை விடுங்கள், போதும். ராயபுரத்தில் இருந்துகொண்டு புளி இல்லாமல் மீன் குழம்பு வைத்தால் வீட்டில் வேறு வாதம் தொடங்கிவிடும்.