டம்ளர் காபி திரும்பி வர மூன்று வருஷம்

தம்பி, பாரீசுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது, கடலூரிலும் புதுச்சேரியிலும் சொந்தம் ஏராளம், வருஷா வருஷம் டிக்கெட் செலவு தாங்காது, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை போய் இரண்டு மாதம் தங்கினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. நான் அப்படிச் செய்து பார்த்தவன். இங்கே வந்த புதிதில் மூன்று வருஷம் கழித்துத்தான் ஊருக்குப் போனேன். கடலூர் திருப்பாப்புலியூரில் அத்தை வீட்டில் காபி வந்தது, கண்ணாடி அலமாரியில் இருக்கும் பூப்போட்ட கப்பில், சாசரோடு. அந்த வீட்டில் வளர்ந்தவன் நான். எவர்சில்வர் டம்ளரில் ஆற்றிக் குடித்தே பழக்கம். கப்பைக் கையில் வாங்கியபோது தொண்டை அடைத்துக்கொண்டது. அடுத்த வருஷத்திலிருந்து விடாமல் போகிறேன். மூன்றாவது தடவைதான் டம்ளர் திரும்பி வந்தது. கூடவே, "சும்மாதானே உட்கார்ந்திருக்கே, இந்தத் தேங்காயைத் துருவு" என்றார் அத்தை.

செலவுக்கு ஒரு வழி சொல்கிறேன். குடும்பத்தோடு ஒரு வருஷம், நீங்கள் மட்டும் பத்து நாள் ஒரு வருஷம் என்று மாற்றிப் போங்கள். இங்கே பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்ட், அப்போது ஊரில் ஆடி. கல்யாணம் காட்சி இல்லாத மாதம் என்று பலரும் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அதுதான் வசதி. மண்டபத்தில் நூறு பேரைப் பார்க்கலாம், ஒருவரோடும் உட்கார்ந்து பேச முடியாது.

போனதும் முதலில், அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டுக்குப் போங்கள். துக்கம் விசாரிக்காமல் இன்னொரு வீட்டில் விருந்து சாப்பிட்டால் அந்த மனக்குறை லேசில் ஆறாது. அப்புறம் மூத்தவர்கள் வீடு. எல்லோரையும் ஓர் ஓட்டலுக்கு வரச்சொல்லி ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். வாசல்படி ஏறினால்தான் வந்ததாகக் கணக்கு. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே 20 கிலோமீட்டர் சொச்சம்தான், பஸ்ஸிலேயே போய் வரலாம்.

போனும் வேண்டும். ஞாயிறு இங்கே காலை 8 மணி என்றால் கோடையில் அங்கே 11.30, மீன் குழம்பு கொதிக்கும் நேரம், எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். ஆனால் போனில் எல்லாம் வராது. 2011 டிசம்பர் 30 அன்று அடித்த 'தானே' புயலில் பண்ருட்டிப் பக்கம் பெரியப்பாவின் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. போனில் "பரவாயில்லப்பா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த ஆடியில் அவரோடு தோப்பில் நடந்தேன். அறுத்துப் போட்டிருந்த அடிமரங்களைத் தொட்டுத் தொட்டு, எது தாத்தா வைத்தது, எது தன் கல்யாணத்து வருஷம் வைத்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசி மரத்தருகே பேச்சு நின்றுவிட்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மகளுக்கு நாலு வயது என்றீர்கள். ஓர் இரவாவது அவளைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள், பிள்ளைகளோடு பிள்ளையாகப் பாயில் படுக்கட்டும். புதுச்சேரிப் பக்கம் வீராம்பட்டினத்தில் ஆடி ஐந்தாம் வெள்ளித் தேர் இருக்கிறது. ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கி வைக்கிற வழக்கம் பிரெஞ்சுக்காரர் காலத்தது. என் மகன் அதை முதலில் பார்த்தது தன் மாமா தோளில் உட்கார்ந்துதான். இன்று அவனுக்கு 19. இந்த ஆடிக்கு டிக்கெட் போட்டாயிற்றா என்று மாமா அவனிடம்தான் கேட்கிறார், என்னிடம் இல்லை.