வாசகர் கேள்வி – பதில்: பழைய அனலாக் சிந்தசைசர்கள்

கேள்வி: ஜப்பானில் இருக்கும் சித்தப்பா ஒரு ரோலண்டு ஜூனோ-106 வாங்கி அனுப்புகிறார். பின்பக்கம் 100 வோல்ட் என்று அச்சாகியிருக்கிறதாம். கடையில் விற்கும் 110 வோல்ட் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போதுமா? (கோவை)

ஓடும், ஆனாலும் வேண்டாம். கூடுதலாக வரும் 10 சதவீதத்தை உள்ளே வோல்டேஜைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர்கள் சூடாகத்தான் கழிக்கும். நாற்பது வயதான கெபாசிட்டர்களுக்கு அந்தச் சூடுதான் எமன். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தரும் கடையில் 230-லிருந்து 100 வோல்ட் தரும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கேளுங்கள். கருவியின் லேபிளில் உள்ள வாட் அளவைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். 30 வாட் என்றால் 60 விஏ (வோல்ட்-ஆம்பியர், டிரான்ஸ்ஃபார்மரின் திறன் அளவு), 100 விஏ கிடைத்தால் இன்னும் நிம்மதி. பயணிகளுக்கென்று விற்கும் எடையில்லாத சிறு கன்வர்ட்டர்களைத் தொடவே தொடாதீர்கள். அவற்றில் பல, மின்சார அலையை வெட்டி வெட்டி அனுப்புபவை. ஹேர் டிரையர் அதைத் தாங்கும், சிந்தசைசர் தாங்காது.

50 ஹெர்ட்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். ஜப்பானின் கிழக்கே 50, மேற்கே 60 என்பதால் அங்கே விற்ற கருவிகள் இரண்டுக்கும் ஏற்றவை.

தவறி 230-ல் சொருகிவிட்டால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். போயிருந்தால் அதே ஆம்பியரில் மாற்றுங்கள். அடுத்ததும் உடனே போனால் அங்கேயே நிறுத்துங்கள். பெரிய ஃபியூஸ் போட்டு இன்னொரு முறை முயல்வதில்தான் பல டிரான்ஸ்ஃபார்மர்கள் எரிந்திருக்கின்றன.

கேள்வி: என் ஜூனோ-106-ல் ஆறு கட்டைகளுக்கு ஒருமுறை சத்தம் வராமல் போகிறது. சில நாள் கரகரக்கிறது. போர்டு முழுக்க கெபாசிட்டர் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். (திருநெல்வேலி)

மாற்ற வேண்டாம், பொறுங்கள். ஆறுக்கு ஒன்று என்று நீங்கள் எண்ணிச் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. 1984-ல் வந்த இந்தக் கருவிக்கு ஆறு குரல்கள், அதாவது ஆளுக்கொரு சுரம் எழுப்பும் ஆறு ஒலிப் பகுதிகள். அழுத்தும் கட்டைகளை அவை முறைவைத்து எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு குரலின் ஃபில்டரும் (ஒலியின் நிறத்தை மாற்றும் பகுதி) ஒலி அளவும் 80017ஏ என்ற ஒரு சிறு தொகுப்புச் சில்லுக்குள் இருக்கின்றன. அந்தச் சில்லின் மேல் பூசிய கறுப்புப் பிசின் வயதாக வயதாக மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்கும். கரகரப்பு, விடாத ரீங்காரம், கடைசியில் மௌனம்: இந்த வரிசையில்தான் பெரும்பாலும் நோய் முற்றும்.

எந்தக் குரல் என்று கண்டுபிடிக்க, 'கீ டிரான்ஸ்போஸ்' பொத்தானை அழுத்திக்கொண்டே கருவியை ஆன் செய்யுங்கள். இப்போது கட்டையை அழுத்தும்போதெல்லாம் அந்தக் குரலின் எண் திரையில் தெரியும். கோரஸை (ஒலியைத் தடிமனாக்கும் எஃபெக்ட்) அணைத்துவிட்டு ஒன்று முதல் ஆறு வரை ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

அடுத்து, கெட்டது ஃபில்டர் சில்லா, அலை உண்டாக்கும் சில்லா என்று பிரிக்க வேண்டும். பல்ஸ், சா, சப் ஆசிலேட்டர், நாய்ஸ் என்ற ஒலி மூலங்கள் எல்லாவற்றையும் அணையுங்கள். ரெசொனன்ஸை முழுக்க ஏற்றி, ஃபில்டர் ஃப்ரீக்வென்சியை நடுவில் வைத்து, விசிஏ-வை (ஒலி அளவைக் கட்டுப்படுத்தும் பகுதி) 'கேட்' நிலைக்கு மாற்றுங்கள். ஃபில்டர் தானாகவே விசில் அடிக்க வேண்டும். ஐந்து குரல் விசிலடித்து ஒன்று மட்டும் அடிக்காவிட்டால் அந்தக் குரலின் 80017ஏ போய்விட்டது. ஆறும் விசிலடித்தும் ஒரு குரலில் மட்டும் சா அலை வரவில்லை என்றால், எம்சி5534ஏ சில்லைச் சந்தேகியுங்கள். அது மொத்தம் மூன்று. ஒவ்வொன்றும் இரண்டு குரல்களைக் கவனிக்கிறது.

80017ஏ-யைக் கழற்றி ஓரிரு நாள் அசிட்டோனில் ஊறவைத்துப் பிசினை உரிப்பது பலரும் செய்யும் வைத்தியம். பல சில்லுகள் பிழைக்கின்றன. சிலவற்றில் உரிக்கும்போது சிறு பாகங்களும் சேர்ந்து வந்துவிடுகின்றன. அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும்: மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரம், திறந்த ஜன்னல், கையுறை மூன்றும் அவசியம். பாட்டுக் கச்சேரிக்கு எடுத்துப்போகும் கருவி என்றால், புதிதாகச் செய்து விற்கும் மாற்றுச் சில்லு வாங்குவதே நல்லது. உண்மையான ஆபத்து கழற்றும்போதுதான். அந்த போர்டின் செம்புப் பாதைகள் அதிகச் சூட்டில் எழும்பி வந்துவிடும். வெப்பம் கட்டுப்படுத்தும் சால்டரிங் அயர்ன், 350 டிகிரிக்கு மேல் வேண்டாம். பழைய ஈயத்தில் முதலில் கொஞ்சம் புது ஈயம் சேர்த்து, பிறகு உறிஞ்சுங்கள். புதுச் சில்லைச் சாக்கெட்டில் வையுங்கள். மாற்றியபின் அந்தக் குரலுக்கான டிரிம்மர்களை (போர்டில் உள்ள சிறு திருகுகள்) சரிசெய்யாவிட்டால், சத்தம் வந்தாலும் மற்ற ஐந்தோடு ஒட்டாது.

கேள்வி: கோர்க் பாலிசிக்ஸில் பதிவு செய்த ஒலிகள் மறந்துபோகின்றன. பேட்டரி மாற்றினால் போதுமா? (ஈரோடு)

இன்றைக்கே திறந்து பாருங்கள், இதில் தாமதம் கூடாது. 1981-ல் வந்த பாலிசிக்ஸில் கேஎல்எம்-367 என்ற போர்டில் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி பற்றவைத்திருக்கும். அது கசிந்தால் வெளிவருவது காரம். அந்தக் காரம் செம்புப் பாதைகளையும் போர்டின் துளைகளையும் அரிக்கும். ஒலி மறப்பதோடு கட்டைகள் தாறுமாறாக வேலை செய்வதும் அதனால் நேரலாம்.

முதலில் ஒலிகளை டேப் வழியாக வெளியே எடுத்து வையுங்கள். பேட்டரியை அகற்றி, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து பழைய பல் துலக்கியால் தேய்த்தால் நுரைத்து அடங்கும். பின் டிஸ்டில்டு வாட்டர், அதன்பின் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். ஒரு நாள் காயவிடுங்கள். பச்சை படிந்த ஒவ்வொரு பாதையையும் மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்த்து, அறுந்த இடத்தில் மெல்லிய கம்பி போடுங்கள்.

புது பேட்டரியாக சிஆர்2032 (நாணய வடிவ லித்தியம் பேட்டரி) வைப்பதானால், சார்ஜ் மின்சாரம் அதற்குள் போகவே கூடாது. போனால் வீங்கும், வெடிக்கவும் கூடும். வரிசையில், ஒரு பக்கம் மட்டுமே மின்சாரத்தை விடும் ஷாட்கி டயோடு ஒன்றைப் போடுங்கள் (சாதாரண டயோடைவிட வோல்ட் இழப்பு குறைவு), சார்ஜ் செய்யும் ரெசிஸ்டரையும் எடுத்துவிடுங்கள். ஹோல்டரை போர்டுக்கு வெளியே, கம்பி நீட்டி வையுங்கள். மறுபடி கசிந்தாலும் போர்டு தப்பிக்கும்.

கேள்வி: ஸ்லைடர்கள் கரகரக்கின்றன. டபிள்யூடி-40 அடிக்கலாமா? (சேலம்)

கூடாது. எண்ணெய்ப் படலம் தூசியைச் சேர்த்துப் பசையாக்கும். ஸ்லைடர்களுக்கென்று விற்கும் கான்டாக்ட் கிளீனரைத் துளியளவு விட்டு, இருபது முப்பது முறை மேலும் கீழும் நகர்த்துங்கள்.

கேள்வி: ஜூனோ சுருதி மாறுவதே இல்லை. நண்பரின் மினிமூக் மேல் ஸ்தாயியில் விலகுகிறதே, ஏன்? (தஞ்சாவூர்)

ஜூனோவின் அலை அனலாக்தான், ஆனால் அதன் காலத்தை ஒரு டிஜிட்டல் கடிகாரம் பிடித்துவைத்திருக்கிறது. மினிமூக்கில் அலை உண்டாக்கும் மூன்று ஆசிலேட்டர்களும் வோல்டேஜை மட்டுமே நம்பியவை: ஒரு ஸ்தாயிக்கு 1 வோல்ட், ஒரு அரைசுரத்துக்கு 83.3 மில்லிவோல்ட். 1 மில்லிவோல்ட் பிழை 1.2 சென்ட் விலகல் (ஒரு சென்ட் என்பது அரைசுரத்தில் நூறில் ஒரு பங்கு).

அரை மணி நேரம் சூடேறவிட்டு, ஒரு ஆசிலேட்டரை மட்டும் கேளுங்கள். 110 ஹெர்ட்ஸில் சுருதி சேர்த்து, இரண்டு ஸ்தாயி மேலே 440 வருகிறதா பாருங்கள். ஒவ்வொரு ஸ்தாயியிலும் சம அளவு விலகினால் ஸ்கேல் டிரிம்மர். அதைத் திருப்பும்போது கீழ்ச் சுரமும் நகரும். மறுபடி 110-க்குக் கொண்டுவந்து, இப்படி ஐந்தாறு சுற்று. உச்சியில் மட்டும் இறங்கினால் காரணம் வேறு, ஸ்கேலைத் தொட வேண்டாம். ஏசி அறையில் சரியாக இருந்து மேடையில் விலகினால் அது வெறும் வெப்பம். மேடையிலேயே முன்கூட்டி ஆன் செய்து வையுங்கள்.

கேள்வி: அனலாக் சிந்தசைசரில் கமகம் வாசிக்க முடியுமா? (காரைக்குடி)

அருமையாக முடியும். 1982-ல் பம்பாய்க் கலைஞர் சரண்ஜித் சிங் ஜூபிட்டர்-8, டிபி-303, டிஆர்-808 ஆகிய மூன்று ரோலண்டு கருவிகளில் ராகங்களைப் பதிவு செய்தார். 303-ன் 'ஸ்லைடு' ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போவது, ஜாரு பிடிப்பதற்கு வெகு அருகில் இருக்கிறது.

கையால் வாசிக்க மினிமூக் இன்னும் உகந்தது. இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் கீழ்ச் சுரமே ஒலிக்கும். கட்டையை முழுக்க விடாதவரை ஒலி புதிதாக எழும்பாது. ஆகவே பஞ்சமத்தைப் பிடித்துக்கொண்டு மத்யமத்தைத் தட்டித் தட்டி விடுங்கள். ப-ம-ப-ம என்று ஒரே வில்லில் இழுத்ததுபோல் வரும். கிளைடை (ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்க எடுக்கும் நேரம்) கொஞ்சமாக ஏற்றினால் படிகள் கரைந்து அசைவாகும். அதிகம் ஏற்றினால் சுரம் இடத்துக்கு வந்துசேரும் முன்பே நீங்கள் விட்டுவிடுவீர்கள், எல்லாம் சுருதி குறைந்து கேட்கும். பிட்ச் வீலுக்கு ஸ்பிரிங் இல்லை. இடக்கையால் எந்த இடத்திலும் நிறுத்தலாம், ஆனால் நடுவுக்குத் திரும்பக் கொண்டுவருவதும் உங்கள் கைதான். தம்புரா ஒலிக்க வைத்து, ஸ-வுக்குத் திரும்புவதை மட்டும் முதலில் பழகுங்கள்.