சர்வேயர் தாத்தா பதில்கள்: பெட்டி தேடிப் போகும் பிள்ளைகள்

கேள்வி: என் கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். வரும் மே மாதம் 30 நாள் லீவில் வருகிறார். மகனுக்கு 11 வயது, மகளுக்கு 7. போன தடவை அப்பாவும் பிள்ளைகளும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு செல்போனோடு இருந்தே லீவு முடிந்துபோனது. கனடாவில் இருக்கும் என் நாத்தனார் குடும்பம் 'ஜியோகேச்சிங்' என்று சனி, ஞாயிறுகளில் பெட்டி தேடிப் போகிறார்களாம். அது என்ன? நம்ம ஊரில் செய்ய முடியுமா?
– ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: முடியும், மகளே. இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? 32 வருடம் நிலம் அளக்கும் சங்கிலியும் கிராஸ் ஸ்டாஃபுமாக இந்தக் குமரி மாவட்டத்தில் விளை விளையாக, அதாவது தோட்டம் தோட்டமாக நடந்து, காடு மூடிக் கிடக்கும் சர்வே கல்லைத் தேடியவன் நான். அதே வேலையைப் பிள்ளைகள் விளையாட்டாகச் செய்வதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

விளையாட்டு இதுதான். ஒருவர் ஒரு பெட்டியை எங்காவது ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அதற்கென்று இருக்கும் இணையதளத்தில் போடுவார். மற்றவர்கள் அந்த எண்களைச் செல்போனில் போட்டுத் தேடிப் போவார்கள். கிடைத்தால், உள்ளே இருக்கும் நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்தபடியே திரும்ப வைக்க வேண்டும். உள்ளே கோலிக்குண்டு, சின்ன பொம்மை, சாவி வளையம் என்று ஏதாவது கிடக்கும். ஒன்றை எடுத்தால் அதற்கு ஈடான ஒன்றை வைக்க வேண்டும். தின்பண்டம் மட்டும் வைக்கக் கூடாது. எறும்பும் அணிலும் பிள்ளைகளுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடும்.

கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையைத் திறந்தது 2000 ஜனவரி 1. அதே ஆண்டு மே மாதம்தான் இந்த விளையாட்டும் பிறந்தது. அதுவரை அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சிக்னலில் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே பிழை கலந்து கொடுத்துக்கொண்டிருந்தது; 100 மீட்டர் வரை தப்பு வரும். மே 2-ஆம் தேதி அந்தப் பிழையை நீக்கினார்கள். மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியில் நோட்டு, பென்சில், சில சாமான்கள் எல்லாம் போட்டுக் காட்டோரத்தில் வைத்து, இடத்தின் எண்களை இணையத்தில் எழுதினார். மூன்று நாளுக்குள் ஒருவர் தேடி எடுத்துவிட்டார். இன்று உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேல் பெட்டிகள் இருக்கின்றன.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். முதலில் அந்த இணையதளத்தின் செல்போன் ஆப்பைத் திறந்து, போகக்கூடிய தூரத்தில் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம், குடும்பத்துக்குள்ளேயே ஆடலாம். நான் அப்படித்தான் தொடங்கினேன்.

என் பேரனுக்கு அப்போது 9 வயது, பேத்திக்கு 6. குலசேகரம் பக்கம் என் தம்பியின் விளையில் மூன்று டப்பாக்கள் வைத்தேன். ஒன்று அயனி மரத்து வேரிடுக்கில், ஒன்று கிணற்றுத் தொடிக்குப் பின்னால், ஒன்று மரச்சீனி நட்ட மேட்டின் ஓரத்தில் கல்லடுக்குக்குள். எண்களை எழுதிக் கொடுத்தேன். பேரன் செல்லைப் பிடித்துக்கொண்டு ஓடினான். முதல் இடத்தில் போய் நின்று திணறினான். செல் ஒரு தடவை இங்கே என்கிறது, அடுத்த நிமிடம் அங்கே என்கிறது. நானோ சும்மா நிற்க மாட்டாமல், "வேருக்குள்ள பாரு மக்களே" என்று சொல்லிவிட்டேன். எடுத்தான். திறந்துகூடப் பார்க்காமல் என் கையில் கொடுத்துவிட்டு, "நீங்கதானே கண்டுபிடிச்சீங்க தாத்தா" என்றான். அவன் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பிள்ளையின் கையில் இருந்ததை நான் பறித்துவிட்டேன்.

இரண்டாவது இடத்தில் வாயைத் திறக்கவில்லை. 25 நிமிடம் ஆனது. வெயில் ஏறியது. கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்தான், கல்லைப் புரட்டினான், கோபப்பட்டான். கடைசியில் பேத்திதான் குனிந்து பார்த்து, "அண்ணா, இங்க ஒரு கல்லு மட்டும் பாசி இல்லாம இருக்கு" என்றாள். அந்தக் கல்லுக்குப் பின்னால்தான் டப்பா. இரண்டு பேரும் போட்ட கூச்சலில் தம்பி மனைவி அடுக்களையில் இருந்து ஓடி வந்துவிட்டாள். பாசி இல்லாத கல்லைப் பார்க்க 6 வயதுப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தது? எனக்கு அதை ஒரு மூத்த சர்வேயர் சொல்லித்தர இரண்டு வருடம் ஆனது.

அதனால் உங்கள் கணவரிடம் இந்த ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள். திறந்த வெளியில் செல்போன் ஏறக்குறைய 5 மீட்டர் வரை கொண்டுபோய் விடும். ரப்பர், தென்னை மூடிய இடத்தில் பிழை இன்னும் கூடும். ஆகவே கடைசிப் பத்து மீட்டரில் செல் பைக்குள் போக வேண்டும், அப்பா இரண்டு அடி பின்னால் நிற்க வேண்டும். அவர் அங்கே செய்ய வேண்டியது தண்ணீர்க் குப்பியைப் பிடித்திருப்பது. "இங்கே பார், அங்கே பார்" என்று சொல்லக் கூடாது. பிள்ளையே திரும்பி "அப்பா, ஒரு கை பிடிங்க" என்று கேட்டால் பிடிக்கலாம். ஒரு வருடம் பிரிந்திருந்த அப்பாவிடம் பிள்ளை தானாக உதவி கேட்கும் அந்த நிமிடத்துக்காகத்தான் இவ்வளவும்.

வந்த முதல் வாரமே தொடங்குங்கள். விடியற்காலையில் அப்பா போய் வைக்கட்டும், காப்பி குடித்துவிட்டுப் பிள்ளைகள் கிளம்பட்டும். அடுத்த நாள் முறை மாறட்டும்: பிள்ளைகள் ஒளித்து வைக்க, அப்பா தேட வேண்டும். அவருக்கும் யாரும் துப்பு கொடுக்கக் கூடாது. ஜூன் முதல் வாரம் மழை பிடித்துவிடும், அதற்குள் ஆறேழு நாள் கிடைத்தாலே போதும்.

பெட்டிக்குச் செலவு வேண்டாம். காயத்தூள் டப்பா, ஊறுகாய் பாட்டில், பழைய டிபன் பாக்ஸ் எதுவும் ஆகும். நோட்டை ஜிப் கவரில் போடுங்கள். பேனா வேண்டாம், பென்சில் வையுங்கள். ஈரம் பட்டாலும் எழுத்து கலையாது.

கேள்வி: நெட் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யுமா? அந்த எண்களை எப்படிப் படிப்பது?
– ஒரு வாசகர், தோவாளை

பதில்: செய்யும். சிக்னல் நேராகச் செயற்கைக்கோளில் இருந்து வருகிறது, அதற்கு நெட் வேண்டாம். வரைபடத்தை மட்டும் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எண்களைப் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக் கொடுங்கள். அட்சரேகையில் ஒரு பாகை (டிகிரி) ஏறக்குறைய 111 கிலோமீட்டர். புள்ளிக்குப் பின் மூன்றாவது இலக்கத்தில் ஒன்று கூடினால் 111 மீட்டர் நகர்கிறோம். நான்காவதில் 11 மீட்டர். ஐந்தாவதில் ஒரு மீட்டர் சொச்சம். நம்ம மாவட்டம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், 8 பாகையில் இருப்பதால் கிழக்கு மேற்கிலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தசமம் இதைவிட நன்றாக எங்கே புரியப் போகிறது? வடக்கே நடந்தால் எந்த எண் மாறுகிறது என்று முற்றத்திலேயே நடந்து பார்க்கச் சொல்லுங்கள். வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1802-இல் சென்னையில் தொடங்கிய பெரிய நில அளவையின் வடக்கு தெற்குக் கோடு தெற்கே வந்து முடிந்ததும் நம்ம குமரிமுனைப் பக்கம்தான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: 14 வயது மகள். தம்பி குதிக்கிறான், இவளோ "சின்னப்புள்ள விளையாட்டு" என்று வர மறுக்கிறாள். கட்டாயப்படுத்தலாமா?
– ஒரு தகப்பனார், நாகர்கோவில்

பதில்: வேண்டாம், தம்பி. அவளிடம் தேடும் வேலையைக் கொடுக்காதீர்கள், ஒளிக்கும் வேலையைக் கொடுங்கள். அந்த வயதில் தன் மூளைக்கு வேலை இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளை தானாக எழுந்து வரும்.

இந்த விளையாட்டில் புதிர்ப் பெட்டி என்றே ஒரு வகை உண்டு. எண்களை நேரடியாகத் தராமல் கணக்காகவோ விடுகதையாகவோ தருவார்கள். மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 115 அடி உயரத்தில் பறளியாற்றைக் கடக்கும் பாலம், 28 தூண்கள். "தூண்களை எண்ணு, அந்த எண்ணை இந்தத் தசமத்தின் கடைசி இரண்டு இலக்கமாகப் போடு" என்று அவள் புதிர் கட்டட்டும். பெட்டியைப் பாலத்தில் வைக்க வேண்டாம், சொந்தக்காரர் வீட்டுப் புரையிடத்தில் வைக்கலாம். நீங்களும் அவள் தம்பியும் எண்ணிப் பார்த்து, ஒரு தூண் விட்டுப்போய், தப்பான இடத்தில் போய் நிற்கும்போது அவள் முகத்தைப் பாருங்கள்.

பெட்டியே இல்லாத வகையும் உண்டு. 2004-இல் தொடங்கியது, எர்த்கேச் என்று பெயர். ஓர் இடத்துக்குப் போய் அங்கே நிலம் சொல்லும் பதிலைக் கண்டுபிடிக்க வேண்டும். நம்ம கடற்கரை மணல் ஒன்று போதாதா? கறுப்பாகத் தெரிவது இல்மனைட், சிவப்பாக மின்னுவது கார்னெட். ஒரு பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து, எத்தனை நிறம் என்று கேட்டுப் பாருங்கள். வர மாட்டேன் என்ற பெண் கடற்கரையை விட்டு எழுந்திருக்க நேரமாகும்.

கேள்வி: பாம்பு, போலீஸ் இரண்டுக்கும் பயமாக இருக்கிறது. பெட்டி வைத்துச் சிக்கலில் மாட்டிக்கொள்ள மாட்டோமா?
– ஒரு வாசகி, இரணியல்

பதில்: இரண்டு பயமும் நியாயம்தான், நானும் இதில் கறார். கோவில் வாசல், ரயில் நிலையம், அணைக்கட்டு, கன்னியாகுமரி படகுத்துறை போன்ற இடங்களில் எந்தப் பெட்டியும் வைக்கவே கூடாது. யாராவது பார்த்து வெடிபொருள் என்று பதறினால் அது விளையாட்டாக முடியாது. சிதறால் மலை, வட்டக்கோட்டை போன்ற தொல்லியல் சின்னங்களில் ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது. அங்கே போய்ப் பார்த்து, எண்ணி வரும் புதிரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மலைப்பக்கக் காடு வனத்துறையுடையது, அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். வேறு யாருடைய விளையாக இருந்தாலும் உடையவரிடம் கேட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும். முடிந்தவரை டப்பாவுக்குள் இருப்பது வெளியே தெரிகிற மாதிரி இருக்கட்டும், மேலே தமிழில் 'பிள்ளைகள் விளையாட்டுப் பெட்டி' என்று எழுதி ஒட்டுங்கள்.

இணையதளத்தில் பதிவு செய்து உலகத்துக்கே தெரியும்படி வைப்பதென்றால் அவர்களுக்கென்று விதிகள் உண்டு. பக்கத்துப் பெட்டியில் இருந்து குறைந்தது 161 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது, வைத்தவர் அவ்வப்போது போய்ப் பராமரிக்க வேண்டும். லீவுக்கு வந்து வைத்துவிட்டுப் போவதைப் பொதுவாக ஏற்க மாட்டார்கள். மார்த்தாண்டம் வாசகியும் இதைக் கவனத்தில் வைக்கட்டும், ஊரில் இருக்கும் அவர் பெயரில் பதிவு செய்வதுதான் சரி.

பாம்புக்கு வழி: கண்ணுக்குத் தெரியாத பொந்தில் கை விடுகிற மாதிரி ஒருபோதும் ஒளிக்காதீர்கள்; நான் அன்று வேரிடுக்கிலும் கல்லடுக்கிலும் வைத்தது தப்புதான். பிள்ளையின் இடுப்பு உயரத்தில், எட்டிப் பார்த்தால் தெரியும் இடமே போதும். கையில் ஒரு கம்பு, காலில் ஷூ. தென்னைக்கு நேர் கீழே நின்று தேட விடாதீர்கள். மழைக்குப் பின் ரப்பர் தோட்டத்தில் அட்டை இருக்கும், உப்பு கொண்டு போங்கள்.

பாம்பைவிட எனக்குக் கடல்தான் பயம். முட்டம் பாறைகளில் எத்தனையோ பேர் அலையோடு போயிருக்கிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் 'கள்ளக்கடல்' வரும். தெற்கே வெகுதூரத்தில் கிளம்பிய அலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று ஏறி அடிக்கும். ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையம் முன்னெச்சரிக்கை விடுகிறது, செய்தியில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கடலோரப் பாறையில் பெட்டி வேண்டவே வேண்டாம்.

கேள்வி: எனக்கு 72 வயது, முழங்கால் தேய்ந்துவிட்டது. பேரப்பிள்ளைகள் மகனோடு பெட்டி தேடப் போகிறார்கள். நான் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இதில் ஏதும் வேலை உண்டா?
– ஒரு பாட்டி, குளச்சல்

பதில்: இருக்கிறது அக்கா, உங்களிடம்தான் பெரிய வேலை இருக்கிறது. துப்பு எழுதுவது உங்கள் வேலை.

எங்கள் வீட்டுக்காரிக்கும் நடக்க முடியாது. போன கார்த்திகையில் அவள் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள்: "என் அப்பா எனக்கு ஊஞ்சல் கட்டிய புளிய மரம். இப்போது மரம் இல்லை. அது நின்ற இடத்தில் மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் தேங்கும்." பிள்ளைகள் எண்களைக் கேட்டார்கள். எண் கிடையாது என்றுவிட்டாள். அரைமணி நேரம் அலைந்துவிட்டுத் திரும்பி வந்து அவள் காலடியில் உட்கார்ந்தார்கள். மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, ஊஞ்சலில் இருந்து பார்த்தால் என்ன தெரியும், கிணறு இடப்பக்கமா வலப்பக்கமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே போனாள். அந்த ஊஞ்சலைப் பற்றி 44 வருடத்தில் என்னிடம்கூட அவள் சொன்னதில்லை.

உங்கள் வளவில் இப்போது இல்லாமல் போன எது உங்களுக்கு நினைவிருக்கிறது? அதில் ஒன்றை எடுத்து இன்றைக்கே எழுதி வையுங்கள். பிள்ளைகள் கேட்க வந்தால் உடனே சொல்லிவிடாதீர்கள்.