கெளுத்தி, தேளி, வாளை: பிடிப்பது முதல் குழம்பு வரை – கேள்வி பதில்

கண்மாயிலும் குளத்திலும் ஆற்று மடுவிலும் கிடைக்கும் மீசை மீன்களைப் பிடிப்பது, ஆய்வது, சமைப்பது பற்றி உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கு நான் எழுதிய விடைகளும் கீழே உள்ளன.

மானாமதுரை உறுப்பினர்: எங்கள் ஊரில் மீசை வைத்த மீன் எல்லாவற்றையும் கெளுத்தி என்றே சொல்கிறோம். இவற்றை எப்படிப் பிரித்தறிவது?

செதில் இல்லாத வழுவழுப்பான உடலும் மீசையும் பொதுவாக இருந்தாலும், முள்ளையும் துடுப்பையும் பார்த்தால் எளிதில் பிரித்துவிடலாம். கெளுத்திக்கு முதுகில் ஒன்றும் பக்கத் துடுப்புகளில் இரண்டுமாக மூன்று வலுவான முட்கள் இருக்கும். வால் பக்கம் முதுகில் சதைப்பிடிப்பான சிறு துடுப்பு ஒன்றும் இருக்கும். தேளி கருஞ்சிவப்பாக, நீண்டு தட்டையாக இருக்கும். அதன் முதுகுத் துடுப்பு மிகச் சிறியது, அதில் முள் கிடையாது, ஆனால் பக்க முட்கள் இரண்டும் நஞ்சுள்ளவை. வாளைக்கு வாய் கண்ணையும் தாண்டிக் கிழிந்திருக்கும், பற்கள் கூர்மையானவை, இரண்டு இணை மீசைகள் மட்டுமே உண்டு. ஒரு மீட்டருக்கும் மேல் வளரக்கூடிய வேட்டை மீன் அது.

திருவையாறு உறுப்பினர்: தூண்டிலில் எந்த இரை, எந்த நேரம் ஏற்றது?

பொழுது சாய்ந்த பிறகும், மழை பெய்து தண்ணீர் கலங்கியிருக்கும் போதும் போடுங்கள். இவை கண்ணை நம்பி இரை தேடும் மீன்கள் அல்ல. மீசையிலேயே சுவை அறியும் மொட்டுகள் இருப்பதால், இருட்டிலும் கலங்கலிலும் தரையைத் தடவியபடியே இரையைக் கண்டுபிடித்துவிடும். ஆகவே தக்கையை உயர்த்திக் கட்டி, இரை தரையில் கிடக்கும்படி விட வேண்டும். கெளுத்திக்கும் தேளிக்கும் மண்புழுவை மிஞ்சிய இரை இல்லை; கோழிக்குடலும் எடுக்கும். வாளைக்குச் சிறு கெண்டையை உயிரோடு கோத்துப் போடுவார்கள். அதன் பல்லில் தூண்டில் நரம்பு அறுந்துவிடும் என்பதால் தூண்டில் முள்ளுக்கு மேலே ஒரு சாண் மெல்லிய கம்பி கட்டுவது அவசியம். கெளுத்தி தூண்டில் முள்ளை ஆழமாக விழுங்கும் பழக்கம் உடையது. அப்போது விரலை விட்டுத் துழாவாமல் நரம்பை அறுத்துவிட்டு, ஆயும்போது முள்ளை எடுத்துக்கொள்ளுங்கள்.

விழுப்புரம் உறுப்பினர்: முதல் மழையில் வாய்க்காலில் எதிரேறி வரும் கெளுத்திகளைப் பரி என்ற மீன்பொறி வைத்து அள்ளுகிறோம். இது தவறு என்கிறாரே எங்கள் ஊர்ப் பெரியவர்?

அவர் சொல்வது முற்றிலும் சரி. புதுவெள்ளத்தின் வேகத்தை எதிர்த்து மேலேறும் அந்த மீன்களில் பெரும்பாலானவை சினை கொண்டவை. ஆழமான மடுவிலிருந்து புறப்பட்டு, அப்போதுதான் தண்ணீர் பரவிய வயல்களையும் புல் மூழ்கிய ஓரங்களையும் அடைந்து முட்டையிடுவதற்காகவே அவை எதிரேறுகின்றன. குஞ்சுகளுக்கு வேண்டிய நுண்ணுயிர்களும் புழுக்களும் அந்த ஆழமற்ற தண்ணீரில்தான் செழிக்கும். வாய்க்காலின் முழு அகலத்துக்கும் பரியை அடைத்து வைத்தால், அந்த ஆண்டின் தலைமுறையையே ஒரே இரவில் கூடையில் அள்ளியதாகிவிடும். புதுக்கோட்டை, சிவகங்கை, மேலூர்ப் பக்கங்களில் கோடையில் கண்மாய் வற்றும்போது ஊர் கூடி ஊத்தா, கச்சா, வலை போன்ற மீன்பிடி கருவிகளோடு இறங்கும் மீன்பிடித் திருவிழாவை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது இனப்பெருக்கம் முடிந்து, மீன் வளர்ந்து, தண்ணீர் எப்படியும் வற்றப்போகும் காலத்தில் நடக்கிறது. அதுவரை யாரும் கண்மாயில் கைவைக்கக் கூடாது என்ற ஊர்க்கட்டுப்பாடும் அதனோடு சேர்ந்ததுதான். மழைக்காலத்தில் பிடித்தே ஆக வேண்டுமென்றால், வாய்க்காலில் பாதிக்கு மேல் அடைக்காதீர்கள், வயிறு பருத்தவற்றை விட்டுவிடுங்கள். வாளையைப் பொறுத்தவரை இது இன்னும் முக்கியம். உலக அளவிலான அழிவாய்ப்புப் பட்டியலில் அந்த மீன் ஏற்கெனவே இடம்பெற்றுவிட்டது.

திண்டுக்கல் உறுப்பினர்: தேளி குத்தி என் தம்பிக்குக் கை முழுவதும் கடுத்தது. சுண்ணாம்பு வைத்தோம். வேறு என்ன செய்ய வேண்டும்?

சுண்ணாம்பால் பயன் இல்லை, புண்தான் வெந்துபோகும். குத்திய இடத்தை நல்ல தண்ணீரில் கழுவி, பொறுக்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 பாகை வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைத்திருப்பதே கடுப்பைத் தணிக்கும் வழி. குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாமல் போகலாம் என்பதால், வெந்நீரை மற்றக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே அமிழ்த்த வேண்டும். கயிறு கொண்டு இறுக்கிக் கட்டக் கூடாது. முள் முறிந்து உள்ளே தங்கியிருக்கலாம், இரணஜன்னி (டெட்டனஸ்) ஊசியும் தேவைப்படலாம் என்பதால் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. நீரிழிவு உள்ளவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

இந்த மீன்கள் அச்சப்படும்போது முட்களை விறைப்பாக நிறுத்திப் பூட்டிக்கொள்ளும். கையால் அழுத்தி மடக்க முடியாது. ஈரத்துணியால் தலையைப் பிடித்துக்கொண்டு, குறடால் முட்களை அடியோடு முறித்துவிட்டுப் பிறகே தூண்டில் முள்ளைக் கழற்றத் தொடங்குங்கள்.

காரைக்குடி உறுப்பினர்: வழவழப்பும் சேற்று வாடையும் போகவே மாட்டேன் என்கிறது. எப்படி ஆய்வது?

இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். வழவழப்பு தோலின் மேல் இருப்பது. அடுப்புச் சாம்பலையோ கல்லுப்பையோ போட்டு, சொரசொரப்பான கல்லில் தோல் வெளுக்கும் வரை உரசி, புளித்தண்ணீரில் அலசினால் போய்விடும். சேற்று வாடையோ தண்ணீரில் வாழும் பாசி போன்ற நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஒரு பொருளால் வருவது. அது மீனின் கொழுப்பிலும் சதையிலும் ஊறியிருப்பதால் எவ்வளவு கழுவினாலும் முழுமையாக நீங்காது. மீன் உயிரோடு இருந்தால், சில நாட்கள் நல்ல தண்ணீரில் இரை போடாமல் விட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். அதற்கு நேரமில்லையென்றால் வயிற்றிலுள்ள மஞ்சள் கொழுப்பையும், முதுகெலும்பை ஒட்டிய இரத்தத்தையும், செவுளையும் மிச்சமில்லாமல் எடுத்துவிட்டு, புளிப்பு தூக்கலாகச் சமையுங்கள். புளிப்பு அந்தப் பொருளைச் சிதைக்கிறது. நம் முன்னோர் குளத்து மீனுக்குப் புளியும் மாங்காயும் தாராளமாகச் சேர்த்ததில் நல்ல அறிவு இருக்கிறது.

கோயம்புத்தூர் உறுப்பினர்: கெளுத்திக் குழம்புக்கு உங்கள் பக்குவம் என்ன?

மண்சட்டியில் நல்லெண்ணெய் விட்டு, வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயமும் உரித்த பூண்டும் நன்றாக வதங்கிய பிறகு தக்காளி சேர்க்கிறேன். மிளகாய், மல்லி, சீரகம், கொஞ்சம் மிளகு ஆகியவற்றை அம்மியில் அரைத்த மசாலாவைப் புளிக்கரைசலில் கலந்து ஊற்றி, பச்சை வாடை நீங்கி எண்ணெய் பிரியும் வரை கொதிக்க விடுகிறேன். மீன் போடுவது கடைசியில்தான். கெளுத்தியின் சதை மிக மென்மையானது. கரண்டி பட்டால் உதிர்ந்துவிடும் என்பதால் சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்றிவிட வேண்டும். தேங்காய் நான் சேர்ப்பதில்லை; கொழுப்புள்ள மீனுக்கு அது மந்தமாகிவிடும் என்பது என் கருத்து. அதே வேளையில், சதையில் புழுக்கள் இருக்க வாய்ப்புள்ள மீன்கள் இவை. எலும்பை ஒட்டிய சதை வெள்ளையாகி எளிதில் கழன்று வரும் வரை வேக வைக்காமல் இறக்காதீர்கள்.

கொல்கத்தாவில் பணிபுரியும் உறுப்பினர்: இங்கே நோயாளிகளுக்குத் தேளியைக் கொடுக்கிறார்களே?

ஆம், சிங்கி என்று அவர்கள் சொல்வது நம் தேளிதான். காரம் குறைத்த மெல்லிய குழம்பாக வைத்து, நோயிலிருந்து தேறுபவர்களுக்குக் கொடுப்பது வங்காள வழக்கம். எளிதில் செரிக்கும் நல்ல புரதம் என்ற அளவில் ஏற்கத்தக்கது, மருந்துக்கு ஈடாகாது.

ஈரோடு உறுப்பினர்: கண்மாயில் மூன்று கிலோவுக்கு ஒரு மீசை மீன் மாட்டியது. உடல் முழுவதும் பளிங்குபோல் திட்டுத்திட்டாக இருந்தது. உண்ணலாமா?

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் குறிக்கின்றன. அதை வளர்க்க 2000ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை விதித்தது. 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வளர்ப்புக் குட்டைகளில் உள்ளவற்றை அழிக்கவும் உத்தரவிட்டது. காற்றைச் சுவாசித்து ஈரத்தரையில் நகர்ந்து அடுத்த குளத்துக்குப் போகும் ஆற்றலும், அகப்பட்ட மீனையெல்லாம் விழுங்கும் பசியும் உள்ள அது ஒரு கண்மாயில் புகுந்துவிட்டால் நாட்டு மீன்கள் தப்புவது கடினம். கள்ளத்தனமாக வளர்ப்பவர்கள் அழுகிய இறைச்சிக் கழிவைப் போடுவதும் உண்டு. ஆகவே உண்ண வேண்டாம் என்பேன். எக்காரணத்தாலும் தண்ணீரில் திரும்ப விடவும் வேண்டாம். கொன்று புதைத்துவிட்டு மீன்வளத் துறைக்குத் தெரிவியுங்கள்.

ஆம்பூர் உறுப்பினர்: பாலாற்றுக் குட்டைகளில் கிடைக்கும் கெளுத்தி?

தோல் பதனிடும் கழிவு கலந்த தண்ணீரில் பிடித்ததை உண்ணாதீர்கள். தரையிலேயே மேயும் மீன்களுக்குச் சேற்றில் படிந்த உலோகங்கள் எளிதில் சேரும். சமைத்தாலும் அவை போகாது.

தேனி உறுப்பினர்: சந்தையில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

தேளியை உயிரோடு மட்டுமே வாங்குங்கள். செவுளறையிலிருந்து பின்னோக்கி நீளும் காற்றுப்பைகளால் அது நேரடியாகக் காற்றைச் சுவாசிப்பதால், ஈரச்சாக்கில் சுற்றினாலே பல மணி நேரம் தாங்கும். செத்துக் கிடக்கிறதென்றால் நெடுநேரம் புறக்கணிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். கெளுத்தி அப்படித் தாங்காது. அதற்குச் செவுள் சிவந்திருக்கிறதா, வயிறு உடையாமல் இருக்கிறதா, தோலின் வழவழப்பு தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். வழவழப்பு மஞ்சளாகத் திரண்டிருந்தால் வாங்க வேண்டாம். விற்பவரிடமே முட்களை முறித்துத் தரச் சொல்லுங்கள். செத்த மீனின் முள்ளும் குத்தும், கடுக்கும்.