மஞ்சள் கேட்கும் கேள்விகள்: வாசகர் கேள்வி – பதில்

பிறந்து மூன்று நாளான பேரனுக்கு உடம்பு மஞ்சளாக இருக்கிறது. காலை வெயிலில் காட்டினால் போதுமா?
– வாசகி, தேனி

வெயிலை நம்பி நாளைக் கடத்தாதீர்கள், அம்மா. கருவில் தேவைப்பட்ட கூடுதல் சிவப்பணுக்கள் பிறந்தபின் சிதையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி வருகிறது. பிஞ்சுக் கல்லீரல் அதை வேகமாகக் கழிக்க முடியாமல் திணறும். நிறைமாதக் குழந்தைக்குப் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தானாகவே வடிந்துவிடும்.

பகல் வெளிச்சத்தில் நெற்றியை விரலால் மெல்ல அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் மஞ்சளாகத் தெரிந்தால் காமாலைதான். முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். உள்ளங்கை, உள்ளங்கால் வரை வந்தாலும், பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலும் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் தோன்றும் மஞ்சளும் அப்படித்தான். மாநிறக் குழந்தைகளிடம் கண் ஏமாற்றும். ரத்தப் பரிசோதனைதான் சரியான அளவைச் சொல்லும். அளவு மிஞ்சினால் மூளையில் படிந்து செவித்திறனையே பறித்துவிடும். அதைத் தடுக்கத்தான் நீல விளக்கின் கீழ் வைக்கிறார்கள்.

நிறமி வெளியேறுவது மலத்தில்தான். நாளுக்கு 8 முதல் 12 முறை தாய்ப்பால் கொடுக்கச் சொல்லுங்கள். சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப்பாலும் கூடவே கூடாது. அவற்றால் வயிறு நிறைந்தால் தாய்ப்பால் குறையும், மலம் தங்கும், குடலிலிருந்து நிறமி மறுபடி ரத்தத்தில் ஏறும். மலம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம்; ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

அடிபட்டுக் கன்றிய இடம் ஏன் பச்சையாகி, மஞ்சளாகிறது?
– வாசகர், கடலூர்

மேலே சொன்ன அதே நிறமிதான். தோலுக்கடியில் கசிந்த ரத்தம் சிதைந்து முதலில் பச்சை நிற பிலிவெர்டினாகவும், பிறகு பிலிருபினாகவும் மாறுகிறது. அடியே படாமல் அங்கங்கே கன்றினால் ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிடுங்கள்.

உரம் போட்டும் தொட்டி ரோஜாவின் இலை மஞ்சளாகிறதே?
– வாசகி, சேலம்

எந்த இலை என்று முதலில் பாருங்கள். அடி இலை முழுக்க மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. பழைய இலையில் இருப்பதை உருவிச் செடி தளிருக்குக் கொடுக்கிறது. தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. பழைய இலையில் உள்ள இரும்பு தளிருக்கு நகராது. மண்ணில் இரும்பு இல்லாமல் இருக்காது. உப்புத்தண்ணீரால் காரம் ஏறிய மண்ணில் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு), ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து மாலையில் இலை நனையத் தெளியுங்கள். கரைத்ததும் தெளித்துவிட வேண்டும். துரு நிறமாகிவிட்டால் இலை அதை ஏற்காது.